சிம்பாப்வேயின் 'கடவுளின் போர்வை'

சிம்பாப்வேயின் வறிய விவசாயக் குடும்பங்கள் மத்தியில் கிறிஸ்தவ அமைப்புகள் பரப்பிய உழாத விவசாயம் நமது கவனத்துக்குரியது. புகையிலைச் செய்கையைக் கைவிட்ட பிரையன் ஓல்ட்ரீவ் என்ற பண்ணையாளர் 1980களில் தமது சமய நம்பிக்கையின் வழிநின்று இதனை ஆரம்பித்தார். மண்வெட்டியால் சிறு குழிகள் வெட்டி, எருவிட்டுச் சோளம் நட்டு, காய்ந்த புல்லால் நிலத்தை மூடுவர். அம்மூடாக்கையே 'கடவுளின் போர்வை' என்கின்றனர்.

2020இல் அரசாங்கம் இம்முறையைப் 'பும்வுட்சா' என்னும் தேசியத் திட்டமாக்கியது. 16 மீற்றர் அகலமும் 39 மீற்றர் நீளமுமான துண்டில் 52 வரிசைகள். ஒரு வரிசை ஒரு குடும்பத்தின் ஒரு வார உணவு. கணக்கு அழகானதுதான். ஆனால் வரிசைக்கு 28 ஆக 1456 குழிகளை, மழைக்கு முன்னரே, இறுகிய மண்ணில் வெட்டியாக வேண்டும். இச்சுமையின் பெரும்பங்கு பெண்களையே சாருகின்றது. மூடாக்குக்கான சோளத் தட்டையோ கால்நடைகளின் வரட்சிக்காலத் தீவனமாகும்.

எல்நினோ வரட்சியால் 2024 ஏப்ரலில் அந்நாடு தேசிய அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்தது. மூடாக்கு ஈரத்தைப் பேணும் என்பது மெய்யே. மழையே பொய்த்த இடங்களில் அதனாற் பயனில்லை. திருச்சபைகள் பயிற்சியளிப்பதோடு நின்றுவிடாது, குழிவெட்டும் சிறு இயந்திரங்களையும் இறுங்கு விதைகளையும் இக்குடும்பங்களுக்குக் கிட்டச் செய்யவேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.