பலகைச் செட்டிநாடும் பலகாரச் செட்டிநாடும்

தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'செட்டிநாடு' என்று எழுதிய உணவகப் பலகை கண்ணில் படாமல் இருக்காது. பலகையில் பெரும்பாலும் இரண்டு சிவப்பு மிளகாய், ஒரு கோழி, ஆவி பறக்கும் மண்சட்டி இருக்கும். உள்ளே போய்ச் சாப்பிட்டவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்து, "செட்டிநாடுன்னா செட்டிநாடுதான்யா" என்பார். காரைக்குடி வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தப் பாராட்டைக் கேட்டால் சிரிப்பதா, கோபிப்பதா என்று தெரியாது. ஏனென்றால் அவர் சாப்பிட்டது எங்கள் ஊர்ச் சமையல் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரில் சென்னையில் பிறந்த ஒன்று.

இன்று ஊரெல்லாம் நம்பப்படுவது இதுதான்: செட்டிநாட்டுச் சமையல் என்பது காரமும் எண்ணெயும் மசாலாவும் தூக்கலான அசைவச் சமையல், காலங்காலமாக மாறாமல் வருவது, பணம் படைத்த செட்டியார் வீடுகளின் ஆடம்பரம். இந்த நம்பிக்கையில் ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

காரத்திலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, அறுபதாம் கல்யாணச் சாந்தியோ, புதுமனைப் புகுவிழாவோ, காலைப் பந்தியில் இலையில் முதலில் விழுவது கவுனி அரிசி. கறுத்த அந்த அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். பக்கத்தில் கந்தரப்பம்: அரிசியும் பருப்பும் வெந்தயமும் ஊறவைத்து அரைத்து, வெல்லமும் ஏலக்காயும் தேங்காயும் கலந்து ஊற்றி எடுப்பது. அதன்பின் வெள்ளைப் பணியாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பணியாரம் என்றதும் பலரும் குழிப்பணியாரக் கல்லைத்தான் நினைக்கிறார்கள். வெள்ளைப் பணியாரத்துக்குக் கல் கிடையாது, மாவு புளிக்கவும் கூடாது. ஒரு படியில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்தின் அளவு. கிராம் கணக்கில் கேட்டால் எந்த ஆச்சியும் விழிப்பார். இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் விட்டு, வாணலியில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கரண்டி மாவு ஊற்ற வேண்டும். அது உப்பி மேலே வரும். திருப்பிப்போட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் தோல்வி. ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சாகவும் இருக்க வேண்டும். நூறு பேர் பந்திக்கு இதை ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கும் சமையல்காரரின் பொறுமையை எந்தச் சிக்கன் செட்டிநாடும் கேட்பதில்லை.

காரம் எங்கே வருகிறது? அந்தப் பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் வரமிளகாய்ச் சட்னியில் வருகிறது. மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி சேர்த்து அரைத்தது. சுள்ளென்றுதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பார்கள். தொடுகிறவன் தொடலாம், வேண்டாதவன் விடலாம். ஓரத்தில் இருந்ததை எடுத்து நடுவில் வைத்ததுதான் பலகைச் செட்டிநாடு.

அடுத்தது, அசைவச் சமையல் என்ற வாதம். இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி, வயிரவன்பட்டி என்று ஒன்பது சிவாலயங்களைச் சுற்றித் தன் குலப் பிரிவுகளையே அமைத்துக்கொண்ட, செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் சமூகத்தின் ஆண்டு நாட்காட்டியைப் பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. மாவில் பிள்ளையார் பிடித்து, இருபத்தோர் இழை நூலைத் திரியாக வைத்து ஏற்றி, வீட்டின் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். 'இழை எடுத்துக்கொள்வது' என்று பெயர். சிங்கப்பூரில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் அன்று இழை எடுக்காத நகரத்தார் குடும்பம் அரிது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் முக்குறுணிக் கொழுக்கட்டை. ஆடிக்குக் கும்மாயம். இந்தப் பட்டியலில் கோழி எங்கே வருகிறது என்று சொல்லுங்கள்.

கறி சமைப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சமைக்கிறோம், நன்றாகவே சமைக்கிறோம். ஆனால் இந்த வட்டாரம் தன் கறிச்சமையலில் உயர்வாக நினைப்பது எது தெரியுமா? உப்புக்கறி. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதையை உதறிய வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய். முடிந்தது. பட்டை கிடையாது, மல்லித்தூள் கிடையாது, தேங்காய்கூடக் கிடையாது. மசாலாவுக்குப் பேர்போனதாகச் சொல்லப்படும் ஊரின் பெருமைக்குரிய கறியில் மசாலாவே இல்லை. மசாலா தூக்கல் என்ற மூன்றாவது வாதத்துக்கு இதுவே போதும். கூடுதலாக ஒன்று: கல்பாசி, அன்னாசிப்பூ என்று பொட்டலத்தில் 'பாரம்பரிய மண்ணின் மசாலா' என்று எழுதி விற்கிறார்கள். எங்கள் செம்மண்ணில் இவற்றில் ஒன்றும் விளையாது. கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், மானாவாரியில் கடலையும் பயறும், வரப்பில் பனையும் கொடுத்த மண் இது. அதனால்தான் பலகாரங்களில் அரிசியும் உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் திரும்பத் திரும்ப வருகின்றன.

காலங்காலமாக மாறாமல் வருகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பலவீனமான வாதம், ஆனால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இதைத்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் இங்கே உறைப்பு என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். கும்மாயம் என்ற பெயரோ மணிமேகலையிலேயே வருகிறது. இன்று நாம் ஆடியில் வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் திரித்து, கருப்பட்டிப்பாகு விட்டு, நெய் ஊற்றிக் கிண்டும் அதே பண்டம்தான் அன்றும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பயறு வேகவைத்துச் செய்த பண்டத்துக்கு அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. பழமையைத்தான் அளவுகோலாக வைப்பீர்கள் என்றால், இனிப்பு இந்த மண்ணின் மூத்த பிள்ளை. காரம் பின்னால் வந்து சேர்ந்தது.

பழையது மட்டும்தான் நம்முடையது என்றும் நான் வாதாடவில்லை. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின் நகரத்தார் அங்கே கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் செய்ய, போனார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் அதேபோலப் போனார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பியவர்கள் தேக்கு மட்டுமா கொண்டுவந்தார்கள்? பர்மாவில் காலைப் பலகாரமாகத் தின்னும் கறுப்பு ஒட்டரிசிதான் எங்கள் பந்தியின் முதல் இனிப்பு. ரவையில் செய்யும் ஒரு புட்டுக்குப் பெயரே ரங்கூன் புட்டு. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது, வட்டிக்கடைகளும் நிலங்களும் போயின, புட்டு மட்டும் அடுப்பங்கரையில் தங்கிவிட்டது. ஆக, மாறியதும் வாங்கிக்கொண்டதும்தான் இந்தச் சமையலின் வரலாறு. அதை 'மாறாத பாரம்பரியம்' என்று சொன்னால் கடல் தாண்டிப் போன ஒரு சமூகத்தின் கதையையே அழித்ததாகும்.

பலகைச் செட்டிநாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 1964-இல் தொடங்கிய அஞ்சப்பர் போன்ற உணவகங்கள், மிலிட்டரி ஓட்டல் என்று அழைக்கப்பட்ட கறிக்கடை மரபுக்குச் செட்டிநாட்டின் பெயரைச் சூட்டி நகரவாசிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அது ஒரு பெரிய உணவகச் சாதனை, அதில் எனக்குப் பொறாமை இல்லை. லண்டனிலும் துபாயிலும் காரைக்குடி என்று ஒரு ஊர் இருப்பது தெரிய வந்ததற்கு அந்தப் பலகைகளும் காரணம். ஆனால் உணவகத்துக்கு வேகம் வேண்டும். ஒரே மசாலாவில் இருபது பண்டம் ஆக வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றாக ஊற்றும் பணியாரத்தால் அங்கே கல்லாவை நிரப்ப முடியாது. எனவே எது வேகமாக விற்குமோ அது 'செட்டிநாடு' ஆனது.

ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஆயிரம் ஜன்னல் வீட்டையும் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்தவர்கள் அடுப்பும் அப்படித்தான் எரிந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைப்பது' வழக்கம். ஒரே கூரையின் கீழ்தான் இருப்பார்கள், அடுப்பு மட்டும் தனி. அந்தப் புள்ளிக்கு, அதாவது தனி அடுப்பு வைத்த குடும்பத்துக்கு, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். அந்த அளவிலிருந்து பிறந்தவைதான் தண்ணிக்குழம்பு, அரிசி கழுவிய நீரில் வைக்கும் மண்டி, வெந்த கத்தரிக்காயைப் பிசைந்து செய்யும் கோசமல்லி. புருஷன் கடல் கடந்து போன வீட்டில், கெடாமல் இருக்கும் பலகாரத்தைத் தகர டின்னில் அடைத்து வைத்தார்கள்: சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை. சீர்வரிசையில் டின் டின்னாகப் பலகாரம் போவது உண்மை. அது வருஷத்தில் ஒரு நாள் காட்சி. மற்ற நாட்களில் கணக்குப் பார்த்தே கரண்டி பிடித்தார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சமையலை ஒரே சமூகத்தின் சொத்தாகப் பேசுவதும் தவறு. விசேஷங்களில் பெரிய அடுப்பின் முன் நின்றது கூலிக்கு வந்த சமையல்காரர்கள். மாவு இடித்தது, ஆட்டுக்கல்லில் கை சலிக்க அரைத்தது சுற்றுக் கிராமத்துப் பெண்கள். 'ஆச்சி கைப்பக்குவம்' என்று பொட்டலத்தில் போடுகிறார்கள். பக்கத்தில் நின்று அரைத்த கைகளின் பெயர் எதிலும் இல்லை. இன்று காரைக்குடியில் முறுக்கும் அதிரசமும் மணகோலமும் சுட்டு விற்பது பெரும்பாலும் அந்தக் கைகள்தான்.

மிச்சம் இருப்பது எண்ணெய். இதில் எதிர்த்தரப்புக்குப் பாதி வெற்றியைக் கொடுத்துவிடுகிறேன். பணியாரம், சீயம், கந்தரப்பம், முறுக்கு எல்லாமே எண்ணெயில் பொரிபவை. சர்க்கரை நோய்க்காரருக்குக் கவுனி அரிசியைப் பரிந்துரைக்க நான் மருத்துவன் இல்லை. கறுப்பரிசி என்பதால் சர்க்கரையும் நெய்யும் கொட்டிக் கிளறியது மருந்தாகிவிடாது. ஆனால் எண்ணெயில் பொரிவது வேறு, எண்ணெய் குடிப்பது வேறு. மாவு நீர்த்துப்போனாலோ அடுப்பு தணிந்தாலோ பணியாரம் எண்ணெய் குடிக்கும். அப்படிச் சுட்டவருக்கு அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு போகாது. குழம்பின் மேல் விரற்கடை எண்ணெய் நிற்பதைப் பக்குவம் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொன்னதில்லை.

செட்டிநாடு என்று பலகை வைத்திருக்கும் உணவகக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரை எடுக்க வேண்டாம், கோழியையும் விட வேண்டாம். மாலை நாலு மணிக்கு ஓர் அடுப்பை ஒதுக்கி வெள்ளைப் பணியாரம் ஊற்றுங்கள். ஆடி மாதத்தில் கும்மாயம் கிண்டுங்கள். காரைக்குடிக்கு வரும் வாசகர்களுக்கும் அதேதான்: மத்தியானம் கறிச்சோற்றோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இடைப்பலகார நேரம் வரை இருந்து, பணியாரம் எங்கே சூடாக ஊற்றுகிறார்கள் என்று விசாரித்துப் போய்ச் சாப்பிடுங்கள். சட்னியை மட்டும் அளவாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.