கேட்காமலே வந்த ஓடிபி: அந்த வாசலை யார் காக்க வேண்டும்?

2021 அக்டோபர் ஞாபகம் இருக்கா? ஜொகூர், பாலோவில் மளிகைக் கடைக்குள் நுழையவும் மைசெஜாத்ரா தேவைப்பட்ட காலம். திடீரென நாட்டில் பலருக்கு, கேட்காமலேயே அந்தச் செயலியின் ஓடிபி வந்தது.

என்ன நடந்தது?
செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழிதான் ஏபிஐ. செக்-இன் கியூஆர் பதிவுக்கான ஏபிஐ-யைச் சிலர் தானியங்கி நிரல்களால் தவறாகப் பயன்படுத்தினர். பயனர் தரவு பாதிக்கப்படவில்லை என மைசெஜாத்ரா குழு கூறியது.

ஏபிஐ கேட்வே எதற்கு?
எல்லாக் கோரிக்கைகளும் முதலில் வந்து நிற்கும் வாசல் அது. அனுமதி டோக்கன் இருக்கா என்று பார்க்கும். நிமிடத்துக்கு இத்தனை முறைதான் என வரம்பு போடும். மீறினால் தடுத்து, பதிவு செய்து வைக்கும்.

அது மட்டும் போதுமா?
போதாது. 2024 ஜனவரியில் அரசாங்கத்தின் ‘பாடு’ தரவுத் தளத்தில் ஒரு குறை சுட்டிக்காட்டப்பட்டது. அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தாலே இன்னொருவர் பெயரில் பதிவு செய்ய முடிந்தது. இப்படி ஒரே ஒரு முறை வரும் கோரிக்கை, வாசலில் சந்தேகத்தைக் கிளப்பாது. வந்திருப்பது உண்மையில் நீங்கள்தானா என்பதை உள்ளே இருக்கும் தளமே சரிபார்க்க வேண்டும்.

நீங்க என்ன செய்யலாம்?
கேட்காத ஓடிபி வந்தால் யாரிடமும் சொல்லாதீங்க. வாசலைக் காப்பது தளத்தை நடத்துபவர்களின் பொறுப்பு. அந்த எண்ணைக் காப்பது மட்டும் உங்க கையில்.