நிறுத்துமிடத்தில் கதவு திறக்குமா?



"ஆறு பேர் உள்ள வீட்டில் இன்னும் ஏழிருக்கை வண்டி வாங்காமல் இருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம், அண்ணி" என்று என் கொழுந்தனார் சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு வழங்கினார். அவர் சொன்ன கணக்கு சரிதான். நானும் கணவரும், மூன்று பிள்ளைகள், எழுபத்தாறு வயதான என் மாமியார் என நாங்கள் ஆறு பேர். எங்கள் பழைய வண்டியில் ஐந்து இருக்கைகளே உண்டு. அதன் வாகன உரிமைச் சான்றிதழும் காலாவதியாகும் தறுவாயில் உள்ளது. ஆறாவது ஆளாக வீட்டிலேயே தங்கிவிடுபவர் யார் தெரியுமா? ஒவ்வொரு முறையும் என் மாமியார்தான். "நீங்கள் போய் வாருங்கள், எனக்குக் கால் வலிக்கிறது" என்பார். அது பாதி உண்மை.

எனவே வண்டி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்த வண்டி, யாருக்காக என்பதில்தான் என் வழக்கு.

அன்று முதல் வீட்டில் இரண்டு கட்சிகள். கணவர் ஹியுண்டாய் சாண்டா ஃபே கட்சி, கொழுந்தனார் கியா சொரெண்டோ கட்சி. ஒருவர் திரையின் அகலத்தைச் சொல்வார், மற்றவர் முகப்பு விளக்கின் அழகைச் சொல்வார். தேர்தல் காலம்கூட இவ்வளவு சூடாக இருந்ததில்லை. நான் இரண்டின் கையேடுகளையும் வாங்கி, தேர்வுத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். கண்டது இதுதான். 1998-லேயே ஹியுண்டாய் கியாவைக் கையகப்படுத்திவிட்டது. இரண்டு வண்டிகளின் கலப்பின வகையிலும் இருப்பது 1.6 லிட்டர் டர்போ இயந்திரம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் 2,815 மி.மீ. அகலமும் இரண்டிலும் 1,900 மி.மீ. நீளத்தில் மட்டும் ஒன்று 4,815, மற்றது 4,830. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு வேறு வேறு சட்டை மாட்டியிருக்கிறார்கள். நாமோ சட்டையைப் பார்த்துச் சண்டையிடுகிறோம். சாண்டா ஃபேயின் பின்புறம் பெட்டி போல் நிமிர்ந்திருப்பதால் கடைசி வரிசையில் தலைக்குச் சற்றுக் கூடுதல் இடம் கிடைக்கிறது. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் 1,600 சிசிக்கு உட்பட்டதாயிற்றே, 'ஏ' பிரிவுச் சான்றிதழ் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஆற்றல் 97 கிலோவாட்டைத் தாண்டிவிடுவதால் இவை 'பி' பிரிவு. 2023 அக்டோபரில் அப்பிரிவின் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. அத்தகைய விலையில் எடுத்தால், பத்தாண்டுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 41 வெள்ளி. வண்டி நகராமல் புளோக்கின் கீழே நின்றாலும் இதே 41 வெள்ளிதான். இதற்கு மேல் வண்டியின் விலை, பதிவுக் கட்டணம், பெட்ரோல், காப்புறுதி. திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட வண்டிக்கு 60 விழுக்காடுதான் கடன் தருவார்கள். அதையும் ஏழாண்டுக்குள் அடைக்க வேண்டும். மீதி 40 விழுக்காடு எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்துதான். "பிள்ளைகளுக்காக" வாங்கும் வண்டியல்லவா!

பணத்தை விடுங்கள். கதவைப் பாருங்கள்.

நம் நாட்டில் கார் நிறுத்தும் இடத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். மேற்சொன்ன இரண்டு வண்டிகளும் அந்நீளத்தைத் தாண்டுகின்றன; ஒன்று 15 மி.மீ., மற்றொன்று 30 மி.மீ. அது அற்பம். அகலம் அற்பமன்று. 2,400-இல் 1,900 போனால் மிஞ்சுவது 500 மி.மீ. பக்கத்திலும் அதே அகலத்தில் ஒரு வண்டி நின்று, இரண்டும் நட்ட நடுவில் நிறுத்தப்பட்டிருந்தால், இரண்டு கதவுகளுக்கும் இடையே உள்ள மொத்த இடம் அரை மீட்டர். அதில் கதவின் தடிப்பும் அடக்கம். கைத்தடியுடன் ஒரு மூதாட்டி அந்த இடுக்கில் எப்படி இறங்குவார்? பெத்திர் ரோட்டிலும் ஃபஜார் ரோட்டிலும் உள்ள அடுக்குமாடி நிறுத்துமிடங்களில் மாலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பாட்டியைப் பாதையிலேயே இறக்கிவிட்டு, பின்னால் காத்திருக்கும் வண்டிக்கு மன்னிப்புக் கேட்டுக் கைகாட்டும் மகன்களைக் காண்பீர்கள்.

மூன்றாம் வரிசை இதனினும் கொடுமை. உறவினர் ஒருவரின் ஏழிருக்கை வண்டியில் (எந்த நிறுவனத்தது என்பது இங்குத் தேவையில்லை) ஜொகூர் பாரு சென்றபோது என் மாமியாரைப் பின்னால் ஏற்றினோம். நடுவரிசையை மடக்கி, குனிந்து, ஒரு காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். ஏறிவிட்டார். இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. இருவர் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த பேரனிடம் அவர் "மன்னிச்சுக்கோப்பா" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அப்படியானால் பிள்ளைகளைப் பின்னால் போடுங்கள்" என்பீர்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு உரிய பாதுகாப்பு இருக்கை சட்டப்படி கட்டாயம். என் இளைய பிள்ளைகள் இருவரும் அவ்வுயரத்தை எட்டவில்லை. அவர்களுடைய இருக்கைகளை நடுவரிசையின் இரு ஓரங்களிலும் கட்டிவிட்டால், பின்னால் போகும் வழியே அடைபட்டுப் போகிறது. கடைசி வரிசையில் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் உள்ளே நுழைந்து குனிந்து வார் மாட்ட வேண்டும். ஏழு இருக்கை என்பது கையேட்டின் கணக்கு. அதே வண்டியில் ஏழு பேருக்கான பைகளை எங்கே வைப்பது என்று கையேடு கேட்பதில்லை.

பெற்றோர்களே, கோபித்துக்கொள்ளாமல் இதையும் கேளுங்கள். தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கும்போது ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறதா என்று வரைபடத்தில் அளந்து அளந்து பார்த்தவர்கள் நாம். சேர்த்தபின், அதே ஒரு கிலோமீட்டரைக் கடக்க இரண்டு டன் எடையுள்ள வண்டி எதற்கு? காலையில் பள்ளி வாசலில் நிற்கும் எனக்கு, வண்டியின் மூக்குக்குக் கீழே நடந்து போகும் முதல் வகுப்புப் பிள்ளையின் தலை ஓட்டுநருக்குத் தெரியுமா என்ற அச்சம் தினமும் உண்டு. என் சக ஆசிரியர்கள் சிலரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். நானும் சேர இருந்தேன்.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். நம் வட்டார இலகு ரயில் 1999-இல் தொடங்கியது முதல் பழுதாகி நின்ற நாட்கள் ஊரறிந்தவை. அதனாலேயே கார் வாங்கியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2015 இறுதியில் டவுன்டவுன் பாதை வந்தபின், புக்கிட் பாஞ்சாங்கில் ஏறினால் மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். மின்தூக்கி உண்டு. தேக்காவுக்குக் காரில் போய் நிறுத்த இடம் தேடுவதைவிட இது எளிது. சென்ற ஞாயிறு மாமியாரை அப்படித்தான் அழைத்துச் சென்றேன். வெற்றிலை, முருங்கைக்கீரை, அவருக்கு மட்டுமே பிடித்த ஒரு கருவாடு எல்லாம் அவரே பேரம் பேசி வாங்கினார்.

திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது: இவ்வளவு விவாதத்தில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டேன். "எனக்கு முன் சீட்டுதான் வேணும். கதவு பக்கவாட்டுல தள்ளுற மாதிரி இருந்தா பேத்திகளுக்கு நல்லது" என்றார்.

டொயோட்டா நோவாவின் அகலம் 1,730 மி.மீ.; பின்கதவுகள் இரண்டும் தள்ளுகதவுகள். அதற்கும் 'பி' பிரிவுச் சான்றிதழ்தான் வேண்டும், தோற்றத்தில் ரொட்டிப் பெட்டி என்று கொழுந்தனார் சிரிக்கிறார். சிரிக்கட்டும். வரும் சனிக்கிழமை அதைப் பார்க்கப் போகிறோம். அளவுநாடா என் கைப்பையில் இருக்கிறது. முதலில் ஏறி இறங்கிப் பார்க்கப்போவது என் மாமியார்.