'சூப்பர்' என்று மட்டும் சொல்லாதீர்கள்!

'ஸ்கேன்' என்றதும் பதறிவிடாதீர்கள். வயிற்று ஸ்கேனும் இல்லை, மூளை ஸ்கேனும் இல்லை. பீரோவில் கிடக்கும் போட்டோ நெகட்டிவ்களை ஸ்கேன் செய்கிற சமாசாரம் இது.

"ஆரோக்கியப் பத்திரிகையில் போட்டோவுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதில் மனசு இருக்கிறது, கண் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆரோக்கியம் என்றால் வேறென்ன சார்?

பிலிம் ரோல் காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு ரோலில் 36 படம். சாமர்த்தியமாக மாட்டினால் 37, 38கூடத் தேறும். காதுகுத்து, கல்யாணம், கொடைக்கானல் டூர் என்று பொத்திப் பொத்தி எடுப்போம். கடைசியில் ரெண்டு படம் மிச்சமிருந்தால், "ரோலைக் கழுவக் கொடுக்கணும், எல்லாரும் வந்து நில்லுங்க" என்று பிள்ளைகளை மொட்டைமாடியில் நிறுத்தித் தீர்த்துவிடுவோம்!

டிஜிட்டல் வந்தது. அந்தக் கேமராக்கள் பரணுக்குப் போயின. இப்போது சில வீடுகளில் மறுபடி இறங்கி வந்திருக்கின்றன. ரிட்டயரான அப்பாக்கள் ஒரு பக்கம், காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம். ரோல் வாங்குகிறார்கள், எடுக்கிறார்கள், கழுவக் கொடுக்கிறார்கள், ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். விடியற்காலையில் எழுந்து நாலு தெரு நடக்க வைக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் காசு என்பதால் நிதானம் வருகிறது. ரோல் கழுவி வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் சேர்ந்து வருகிறது.

ஆனால் இந்த நல்ல பழக்கத்தை மெல்லக் கொல்கிற வார்த்தை ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. 'சூப்பர்' என்பதுதான் அது.

பாராட்டும் பட்டினி போடும்

அப்பா ஆசையாகப் படத்தை நீட்டுகிறார். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் மகன் சொல்கிறான், "சூப்பர்ப்பா." மருமகள், "ரொம்ப நல்லாருக்கு மாமா." மனைவி, "ம்... ம்..." மொத்தம் மூன்று வினாடி. படத்தை யாராவது பார்த்தார்களா? இல்லை. படம் எடுத்தவரைப் பார்த்தார்களா? அதுவும் இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும். பத்தாவது 'சூப்பர்' வரும்போது புரிந்துவிடும். "இவங்க பார்க்கறதே இல்லை" என்று. அப்புறம் காட்டுவது நிற்கும். எடுப்பதும் நிற்கும். கேமரா மறுபடி பரணுக்குப் போகும். மனிதர் ஈஸிசேருக்குப் போவார்.

வெறும் பாராட்டு, சாப்பிட்ட மாதிரி இருக்கும், ஆனால் உடம்பில் ஒட்டாது. அக்கறையோடு சொல்கிற ஒரு குறை, "உன் வேலையை நான் நின்னு பார்த்தேன்" என்று சொல்லாமல் சொல்கிறது. ஐம்பது, அறுபது வயதில் ஒரு மனிதருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்பது என் கட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். ரிட்டயர்டு ஆசிரியர். மார்கழி மாதம் ஒருநாள், மனைவி வாசலில் கோலம் போட்டு முடித்து நிமிர்கிற நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். பின்னால் சூரியன் கிளம்பிவிட்டது. ஸ்டூடியோவில் கழுவி, ஸ்கேன் போட்டுக் கொடுத்தார்கள். வானம் பிரமாதம், கோலம் பிரமாதம். பார்த்தவர்கள் எல்லோரும் 'சூப்பர் சார்' என்றார்கள். ஏழு வயதுப் பேத்தி மட்டும் கேட்டாள், "தாத்தா, பாட்டி மூஞ்சி எங்க?"

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். "நானும் அன்னிக்கே நினைச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு விட்டுட்டேன்." பாருங்கள்! படத்தில் இருப்பதே அவர்தான். அவர் முகமே இல்லை. அவரே அதைச் சொல்லவில்லை!

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. நெகட்டிவை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் இருந்தது! லேசாக, மங்கலாக, ஆனால் இருந்தது. தானாக அளவு பார்த்துக்கொள்ளும் ஸ்கேனர், பளிச்சென்ற வானத்துக்குத் தகுந்தபடி அளவு வைத்து, முகத்தை இருட்டில் தள்ளிவிட்டது. மறுபடி நிதானமாக ஸ்கேன் செய்ததில் முகம் வந்தது. மூக்குத்திகூட வந்தது.

அந்த ஒரு கேள்விக்கு எத்தனை 'சூப்பர்' ஈடாகும், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் நோய் எதுவென்று பாருங்கள்

டாக்டரிடம் போனால் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதுவாரா? எக்ஸ்ரேவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். (எக்ஸ்ரே பிலிமும் போட்டோ பிலிமும் ஒரே குடும்பம்தான். ஊட்டியில் 1960ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் இரண்டையுமே தயாரித்தது!) படத்துக்கும் அதே வைத்தியம்தான். ஒருவர் குறை சொன்னால், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கண்டபடி திருகாதீர்கள். குறை எங்கே பிறந்தது என்று பாருங்கள். பிலிமிலா? ஸ்கேனிலா?

'இருட்டா இருக்கு' என்றால், நெகட்டிவைப் பாருங்கள். அந்த இடம் கோடே இல்லாமல் வெறும் பிலிமாகத் தெரிந்தால், எடுத்தபோதே வெளிச்சம் போதவில்லை. அங்கே இல்லாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது. அடுத்த ரோலில் கொஞ்சம் தாராளமாக வெளிச்சம் கொடுங்கள். கலர் நெகட்டிவ் பிலிம், வெளிச்சம் கூடினால் ஓரளவு தாங்கும். குறைந்தால்தான் கெட்டுப்போகும். அதனால் 400 பிலிமுக்கு மீட்டரில் 200 என்று வைத்து எடுப்பவர்கள் உண்டு. மாறாக, நெகட்டிவில் விவரம் தெரிந்தால் குற்றவாளி ஸ்கேன்தான். மறுபடி செய்தால் தீர்ந்தது.

'தெளிவா இல்லை' என்றால், படத்தைப் பெரிதாக்கி பிலிமின் பொடிமணல் போன்ற துகள்களைக் கவனியுங்கள். துகள்கள் கூர்மையாக இருந்து, ஆள் மட்டும் கலங்கியிருந்தால் கை ஆடியிருக்கிறது, அல்லது ஃபோகஸ் தப்பியிருக்கிறது. துகள்களே கலங்கியிருந்தால் ஸ்கேனர் மேல் சந்தேகப்படலாம். பிலிம் சுருண்டு, தட்டையாக உட்காராமல் இருந்திருக்கும்.

'வெள்ளை வெள்ளையாப் புள்ளி' என்றால் தூசி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பால் காற்றடியுங்கள். சில ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்துத் தானே நீக்கிவிடும். ஆனால் வழக்கமான கறுப்பு-வெள்ளை பிலிமுக்கு அந்த வசதியைப் போடாதீர்கள். அதிலுள்ள வெள்ளி அந்தக் கதிரை மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்துக்கொண்டு கெடுத்துவிடும்!

'எவ்வளவு பெரிசா ஸ்கேன் பண்ணணும்?' என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். 35 மி.மீ. நெகட்டிவின் அளவு 36க்கு 24 மி.மீ. அதை 2400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுமார் 3400க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். 11 அங்குலத்துக்கு ஏழரை அங்குலம் நல்ல பிரிண்ட் போட அது போதும். அசல் ஸ்கேனை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

திருத்துவது ஏமாற்று வேலையா?

சிலர் கேட்பார்கள், "எடுத்ததை அப்படியே விடணும் சார், திருத்தினா பொய்யில்லையா?" என்று.

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் உலகப் புகழ்பெற்ற இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர். சிறுவயதில் பியானோ கற்றவர். நெகட்டிவ் என்பது இசையமைப்பாளர் எழுதிவைத்த சுரம் போல, பிரிண்ட் என்பது கச்சேரி போல என்பது அவர் கொள்கை. நம் பாஷையில் சொன்னால், கீர்த்தனை ஒன்றுதான், பாடுகிறவர் பாடுகிறபோதுதான் அது உயிர் பெறுகிறது.

நியூமெக்ஸிகோவில் ஒரு சிற்றூருக்கு மேலே நிலா எழும் காட்சியை அவர் 1941ல் எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். போகப்போக வானத்தை இன்னும் கறுப்பாக்கினார். அவ்வளவு பெரிய மனிதரே 'முடிந்தது' என்று விடவில்லை. ஸ்டூடியோ போட்டுக் கொடுத்த முதல் ஸ்கேனோடு நாம் ஏன் திருப்திப்பட வேண்டும்?

கண்ணும் பொய் சொல்லும்

இங்கேதான் டாக்டர் சமாசாரம் வருகிறது. உங்கள் படத்தின் நிறத்தை நீங்கள் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரே படத்தைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தால், அதிலுள்ள மஞ்சளோ நீலமோ கண்ணுக்குப் பழகிவிடும். "சரியாத்தானே இருக்கு" என்று தோன்றும். எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். வித்தியாசம் தெரியும். போனில் ராத்திரி நேரத்துக்கென்று திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால், நிறம் பார்க்கும்போது அதை அணைத்துவிடுங்கள். திரையை அளவுக்கு மீறிப் பளிச்சென்று வைத்தாலும் ஏமாறுவீர்கள். திரையில் ஜோராக இருக்கும் படம் பிரிண்டில் இருண்டு போகும்.

வயதானால் கண்ணின் லென்ஸே மஞ்சளாகும். காட்ராக்ட் வந்தால் நிறங்கள் மங்கும், மாறும். பிரெஞ்சு ஓவியர் மோனே பெரிய உதாரணம். காட்ராக்ட் முற்றிய காலத்தில் அவர் ஓவியங்களில் செந்நிறமும் பழுப்பும் தூக்கலாக இருந்தன. 1923ல் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். நிறத்திலேயே வாழ்ந்த மேதைக்கே அந்தக் கதி! ஆண்களில் சிலருக்கோ சிவப்பு, பச்சை வித்தியாசம் பிறவியிலிருந்தே சரியாகத் தெரிவதில்லை. பல வருஷம் அது அவர்களுக்கே தெரியாது.

ஆகவே மூன்று பேர் தனித்தனியே "ரொம்ப நீலமா இருக்கே" என்று சொல்லி, உங்களுக்கு மட்டும் அது தெரியவில்லையென்றால், ஸ்கேனரைத் திட்டுவதற்கு முன் கண் டாக்டரைப் பாருங்கள். படத்தைக் காட்டப்போன இடத்தில் ஒரு கண் நோய் ஆரம்பத்திலேயே தெரிய வந்தால், லாபம்தானே?

கேட்கவும் தெரிய வேண்டும், சொல்லவும் தெரிய வேண்டும்

படம் எடுப்பவருக்கு: "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "முதல்ல உன் கண்ணு எங்க போச்சு?" என்று கேளுங்கள். "எதை வெட்டிடலாம்?" என்று கேளுங்கள். பதில் வரும்போது வக்கீல் மாதிரி வாதாடாதீர்கள். "அன்னிக்கு மேகமா இருந்தது, கேமரா பழசு" என்ற கதையெல்லாம் பார்ப்பவருக்கு வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி போகட்டும். காலையில் யோசியுங்கள். 36ஐயும் காட்டாதீர்கள், நாலைந்து போதும். ஒரு குழந்தையிடம் காட்டுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். பம்பாய், கல்கத்தா, மதராஸ் மூன்று ஊர்களிலும் 1850களிலேயே போட்டோ சங்கங்கள் தோன்றிவிட்டன. கூடிப் பேசிக் கற்பது இந்தக் கலைக்குப் பிறந்ததிலிருந்தே உள்ள வழக்கம்.

பார்ப்பவருக்கு: ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பிடித்ததில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். உறுத்தியதில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும், பட்டியல் போட வேண்டாம். குறை படத்தைப் பற்றி இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்ற வார்த்தை மட்டும் வரவே கூடாது. அது விமர்சனம் இல்லை, விஷம்.

"நல்லதாச் சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?" என்று சிலர் கேட்கலாம். நல்லது சொல்வது தப்பே இல்லை. பார்க்காமல் சொல்வதுதான் தப்பு. பி.பி. பார்க்காமலே "நார்மல்" என்று எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் நீங்கள் போவீர்களா?

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் அப்பாவோ, மாமாவோ, பிள்ளையோ ஒரு படத்தை நீட்டினால், டி.வி.யை நிறுத்துங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். "இந்த ஓரத்துல இருக்கறது யாரு?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அவர் முகத்தைப் பாருங்கள்!