மாதா கோயில் தப்பியதாம்!

பூந்தமல்லிக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். எரிமலை இங்கு இல்லை. ஆனால் எரிமலையைக் கடவுளுக்குச் சாட்சியாக இழுக்கும் புத்தி இங்கும் உண்டு.

இந்து மகா சமுத்திரத்தில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில், 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் சந்ததியார் ஏராளம். அங்குள்ள எரிமலை 1977 ஏப்ரலில் பொங்கிற்று. நெருப்புக் குழம்பு பித்தோன் சேன்ட் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. மாதா கோயில் வாசலோடு நின்று, இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போயிற்று. உடனே "அற்புதம்!" என்றார்கள்.

நாம் கேட்கிறோம்: கும்பிட்டவன் வீட்டை எரியவிட்டுத் தன் வீட்டை மட்டும் காத்துக்கொள்வது என்ன தெய்வத்தன்மை? மாதா கோயில்தானே என்று நம் வைதீகர்கள் சிரிக்க வேண்டாம். 2004-ல் திருச்செந்தூர்க் கோயிலைக் கடல் தீண்டவில்லை என்று பெருமை பேசியவர்கள், நாகப்பட்டினம் ஜில்லாவில் மாண்ட 6,000-க்கு மேற்பட்டவர்களை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

ரீயூனியன் ஊரார் பிழைத்தது, குழம்பு வருமுன் வெளியேற்றப்பட்டதால்தான். பிறகு 1979-ல் அங்கே எரிமலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பூமிக்கடியில் குழம்பு மேலேறும்போது பாறை பிளக்கிறது. சிறு நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாய் வருகின்றன. மலையும் சற்று வீங்குகிறது. நம் காலுக்குத் தெரியாத அந்த நடுக்கம் கருவிக்குத் தெரிகிறது.

"கருவியும் பொய்க்கிறதே" என்பார்கள். ஆம், 2025-ல் கிரீஸ் தேசத்துச் சாந்தோரினித் தீவருகே ஆயிரக்கணக்கான நடுக்கங்கள் கண்டு சனங்கள் வெளியேறினார்கள், மலை வெடிக்கவில்லை. நஷ்டம் கப்பல் கூலியும் சில வார வியாபாரமுமே. 1985-ல் கொலம்பியாவில், ரூயிஸ் எரிமலையின் அபாயப் படம் முந்தின மாதமே தயாராகியிருந்தும், அர்மேரோ பட்டணத்தைக் காலி செய்யவில்லை. 20,000-க்கு மேற்பட்டவர்கள் சேற்றில் புதைந்தார்கள். இரண்டு நஷ்டமும் ஒன்றாகுமா?

2004-ல் சுமத்ராவில் பூமி நடுங்கி, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் இருந்தது. கடலலையை எச்சரிக்க இந்நாட்டில் ஒரு நிலையம் இல்லை. ஐதராபாத்தில் அது வந்தது 2007-ல்தான். இத்தனை காலம் உண்டியலில் கொட்டிய பணத்தில் ஒரு பங்கு முன்பே கருவிக்குப் போயிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்பதைத் தோழர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.