பாலத்தைக் கடக்கும் காசநோய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஜனவரியில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு, பிடோக் வட்டாரத்துடன் தொடர்புடைய 10 காசநோயாளிகளின் கிருமிகள் மரபணு அமைப்பில் ஒத்திருப்பதாக அறிவித்துப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ததைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோயாளியின் ஞாபகத்துக்கு எட்டாத தொடர்பையும் கிருமியே காட்டிக்கொடுத்துவிடும் இந்த மரபணு ஒப்பீட்டு முறை, ஜொகூர்வாசிகளான நமக்கு மிகவும் அவசியமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1998-இல் முதன்முதலாக முழுமையாக வாசிக்கப்பட்ட காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள் உண்டு. அவற்றுள் குறிப்பிட்ட ஓரிடத்தில் 'சி' என்னும் எழுத்துக்குப் பதிலாக 'டி' வந்துவிட்டாலே, சிகிச்சைக்கு ஆதாரமான ரிஃபாம்பிசின் மருந்து பலிக்காமற் போகும். அந்த மாற்றத்தை விரைவில் கண்டறிய ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி உண்டெனினும், சளியிலிருந்து கிருமியை வளர்த்து ஏனைய மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குள் வாரங்கள் பல கழிந்துவிட, பலிக்காத மாத்திரையை விழுங்கியவாறே மனிதர் தம் மனைவி மக்களுக்கும் நோயைக் கொடுத்துவிடுகிறார். மரபணுத் தொகுதியின் முழு வாசிப்போ பெரும்பாலான மருந்துகளுக்கும் ஒருசேர விடை தருவதோடு, இருவருடைய கிருமிகள் 12 எழுத்துகளுக்கு மேல் வேறுபட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அண்மையில் தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றும் உணர்த்துகிறது. இங்கிலாந்து 2017 முதலே இதை வழக்கமாக்கிக்கொண்டது.

நித்தமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்காகப் பாலத்தைக் கடக்கும் நம்மவர் நுரையீரலுக்குக் குடிநுழைவுச் சாவடி ஏது? ஆகவே, இருகரை ஆய்வுக்கூடங்களும் தத்தம் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும், வேலை போய்விடுமோ என்றஞ்சிப் பரிசோதனைக்கே வராத தொழிலாளியின் பெயர் ரகசியமாகக் காக்கப்படவும் அரசாங்கம் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஜொகூர் பாரு