வேகம் இருக்கட்டும், தாங்குமா?

கரண்டு போனால் எங்கள் கெடாரில் செல்போன் சிக்னலும் கூடவே போய்விடுகிறது. இந்த விஷயத்தில் புதுச்சேரி வில்லியனூர்க்காரர்கள் அன்றைக்கே கெட்டிக்காரர்கள். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தகவல் மையம் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்பாமல், வயர்லெஸ் கருவியோடு மோடத்தை இணைத்துச் சுற்றுவட்டக் கிராமங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். கரண்டுக்குச் சோலார் பேனல். அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் தமிழில் கேட்டது. கடலுக்குப் போகலாமா என்று மீனவர் முடிவெடுக்க அது போதுமே! வேகம் குறைவுதான், அதற்கென்ன?

இன்று ஊருக்குள் கண்ணாடி இழைக் கேபிள் இழுப்பவர்கள் மெகாபிட் கணக்கு மட்டும் சொல்கிறார்கள். மின்தடையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கட்டும்.